ஆயுத பூஜைக் காபி

எங்கள் வீட்டில் டீதான். காலையில் ஒரு டீ, ஷிஃப்டுக்குப் போகும்போது மில் கேட்டுக்கு எதிரில் ஒரு டீ, முடிந்து வந்தால் இன்னொரு டீ. விருந்தாளி வந்து, அவர் கொஞ்சம் மரியாதைப்பட்டவராகவும் இருந்துவிட்டால், முக்குக் கடைக்கு ஓடி இன்ஸ்டன்ட் காபிப் பாக்கெட் ஒன்றைக் கிழித்து வாங்கி வருவோம். கடையில் அது ஷாம்பூ பாக்கெட்டுக்குப் பக்கத்தில் சரமாகத் தொங்கும். கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவிலேயே ஃபில்டர் வைத்திருந்த வீடு ஒன்றுதான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவரின் வீடு. காலையில் அந்த வாசலைக் கடக்கும்போது வரும் மணத்துக்கு நாங்கள் 'பெரிய மனுஷன் வாசனை' என்று பெயர் வைத்திருந்தோம்.

அந்தத் தெருவில் வளர்ந்த என் மகள்தான் காபியை நம்பி ஊரை விட்டுப் போனாள். ஆந்திராவின் வடக்கு ஓரத்தில், ஒடிசாவைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மலைகளில் இருக்கிறாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். அவள் திரும்பி வரவேண்டும் என்பதைத் தவிர இந்த வயதில் எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. அந்த ஆசைக்கு நானே எப்படி உலை வைத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் கிரேன் ஓட்டுகிறவன். கொட்டகைக் கூரையை ஒட்டித் தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஓடும் கிரேன். ஏணி ஏறிக் கேபினில் உட்கார்ந்தால், டீக்கு இறங்குவதைத் தவிர ஷிஃப்டு முடியும்வரை மேலேதான். என் அப்பா அடுத்தவர் வயலில் நடவு, களை, அறுப்பு என்று காலமெல்லாம் குனிந்தே இருந்தவர். நான் ஏறி உட்கார்ந்தவன். கீழே யார் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிகிறான், யார் பீடிக்கு ஒதுங்குகிறான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த இரைச்சலில் கத்தினால் கேட்காது. அதனால் கோபம் வந்தால் மணியடிப்பேன். கோபம் அடிக்கடி வரும். வீட்டில் நான் குரலை உயர்த்தினால் என் மகள், "மேல் வீட்டு மணி அடிச்சாச்சு" என்பாள். மில்லிலும் அந்தப் பெயர் எப்படியோ பரவிவிட்டது.

என் மனைவி ஆரம்பாக்கம் பக்கத்துப் பெண். ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தாலும் வீட்டில் பேசுவது தெலுங்கு. மகளைக் கொஞ்சியதும் தெலுங்கில், அடித்ததும் தெலுங்கில். என்னை மகள் நைனா என்று கூப்பிடுவதுகூட அவள் வழியாக வந்ததுதான். மகள் மலையேறிப் போன பிறகு எங்கள் இருவருக்கும் சண்டை வந்தால் அது இந்த இடத்தில்தான் போய் நிற்கும்.

"உன் தெலுங்குதான்டி அவள கூட்டினு பூட்ச்சு" என்பேன்.

"அது கூட்டினு போவல. உன் கோவம் தொரத்திச்சு" என்பாள்.

இரண்டும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அவளைத் துரத்தியது தண்ணீர்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். கெமிஸ்ட்ரி படித்தாள். எங்கள் மில் இருக்கும் தொழிற்பேட்டையில், நாங்கள் சொல்லும் எஸ்டேட்டிலேயே, ஒரு கம்பெனியின் லேபில் வேலை கிடைத்தது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அவள் கிளம்பிய முதல் நாள் நான் நைட் ஷிஃப்டு முடிந்து தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தேன், பார்ப்பதற்காகவே. பழைய ஸ்கூட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அப்பனும் மகளும் ஒரே எஸ்டேட், ஒரே சாலை. சாயங்காலம் எதிரெதிரே வந்தால் அவள் ஹாரன் அடிப்பாள். பக்கத்தில் வருகிறவனிடம், "போறது யார்னு தெரிதா?" என்று கேட்பேன். தெரியும் என்று அவன் சொன்னாலும் விடாமல் சொல்லுவேன்.

லேபில் அவளுக்குத் தண்ணீரைச் சோதிக்கிற வேலை. தினமும் யாருடைய தண்ணீரையோ சோதிக்கிறவளுக்கு ஒருநாள் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துப்போகத் தோன்றியது. மறுநாள் சாயங்காலம் வந்து அம்மாவிடம், "இத்த சோத்துக்கு ஊத்தாதம்மா" என்றாள். குடிப்பதற்கு நாங்கள் ஏற்கெனவே கேன் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். அந்தப் போர் தண்ணீர் மஞ்சளாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அவளுக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வேலையில் அவள் சிரிப்பதும் குறைந்தது. அப்போதுதான் கூடப் படித்த தோழி ஒருத்தி அந்த மலையில் இருக்கிறாள் என்று, ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாகப் போனாள்.

அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

தோழி வேலை பார்த்தது மலைவாழ் மக்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய காபிச் சங்கத்தில்; என் மகளும் அதிலேயே சேர்ந்துவிட்டாள். பெரிய மரங்களை வெட்டாமல் அவற்றின் நிழலிலேயே காபி வளர்க்கிறார்கள். மருந்து அடிப்பதில்லை. முன்பு இடைத்தரகன் சொன்ன விலைக்கு விற்றவர்கள் இப்போது அவர்களே வறுத்து, அரைத்து, பொட்டலம் கட்டுகிறார்கள். விற்பதில் ஒரு பங்கு மலைக்குள் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. கீழே இருக்கும் பெரிய பள்ளிக்குப் போக ஓடையைத் தாண்டவேண்டும். மழைக்காலத்தில் தாண்ட முடியாது. அதனால் அங்கே பிள்ளைகள் மழையோடு படிப்பை விட்டுவிடுவார்களாம். அதைத் தடுக்கத்தான் அந்தப் பள்ளிக்கூடம். என் மகள் பகலில் மண்ணையும் பழத்தையும் பார்க்கிறாள், சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறாள். இதெல்லாம் அவள் போனில் சொன்னது.

நான் மணியடித்தேன். "கெட்டுப்போன தண்ணி இங்க கீது. நோவு இங்க கீது. நல்லா கீற மலைய காப்பாத்த அம்மாந்தூரம் போவணுமா? படிச்ச படிப்புக்கு இங்க இன்னா வேலையா இல்ல?"

அவள் என்னை முடிக்கவிட்டாள். பிறகு, "கெட்டத நல்லதாக்கத் தெரிலயே நைனா எனக்கு. நல்லது கெடாம பாத்துக்க மட்டும்தான் தெரிது" என்றாள்.

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வரும். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் அவளுடைய ஸ்கூட்டியைத் துடைத்தேன். அன்று தொடங்கிய பழக்கம் இது: ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வண்டியைத் துடைத்து, ஸ்டார்ட் பண்ணி, அதில்தான் கோயிலுக்குப் போவோம். ஓட்டாமல் விட்டால் பேட்டரி செத்துவிடும். அவள் வரும்போது வண்டி ஒரு உதையில் கிளம்பவேண்டும் அல்லவா.

அவள் அனுப்பிய முதல் பொட்டலம் வந்த கதையையும் சொல்லவேண்டும். பார்சலைப் பிரித்ததும் பெரிய மனுஷன் வாசனை வீடு முழுக்க அடித்தது. என் மனைவி பாலைக் கொதிக்கவைத்து, இரண்டு ஸ்பூன் தூளைப் போட்டு, கலக்கிக் கொடுத்தாள். குடித்தேன். பாதி வாயில், பாதி பல்லில். செங்கல் சூளையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் வாய்போல் ஆகிவிட்டது. பெற்ற பெண் அனுப்பியது என்பதால் துப்பாமல் மென்று விழுங்கினேன். மனைவியும் மென்றாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவள் போனில், "எப்டி கீது?" என்று கேட்டபோது, "நல்லாத்தான் கீது, கொஞ்சம் மெல்லணும்" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பு! மூச்சு வாங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. சிரித்து முடித்துவிட்டு, தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தூளைப் போட்டு, மூடிவைத்து, தெளிந்ததும் துணியில் வடிகட்டிப் பாலில் ஊற்றவேண்டும் என்று அம்மாவுக்குச் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலையில் காபி. குடித்து முடித்து டம்ளரைக் கழுவ மனம் வராது. மணம் போய்விடுமே என்று கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைப்போம்.

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒருநாள் அவள் குரல் வாடியிருந்தது. தூள் போகவில்லை என்றாள். கடை விலையைவிடக் கூடுதல் என்பதால் அந்தப் பக்கத்து ஊர்களில் யாரும் ஒரு தடவைக்கு மேல் வாங்குவதில்லையாம். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் விற்பனை தேறவில்லையென்றால் பொட்டலம் கட்டும் கூடத்தை மூடிவிடுவது என்று சங்கத்தில் பேசியிருக்கிறார்கள். கூடம் மூடினால் பள்ளிக்கூடமும் மூடும்.

"மூடிட்டா?" என்றேன்.

"மூடிட்டா இன்னா, ஊட்டுக்கு வந்துடுவேன் நைனா. பழைய லேப்ல கேட்டுப் பாக்கணும்."

மனைவி அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் மகளுக்காக என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது நடக்கட்டும் என்றும் கேட்டேன், என் பிள்ளை வந்துவிடட்டும் என்றும் கேட்டேன். கடவுள் இரண்டையும் எப்படிச் சேர்த்துத் தருவார் என்று யோசிக்கவில்லை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

எங்கள் மில்லில் ஆயுத பூஜைதான் பெரிய பண்டிகை. நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன், ஆனாலும் என் கிரேனுக்கு நான்தான் மாலை போடுவேன், சந்தனமும் நான்தான் வைப்பேன். சோறு போடுகிற இரும்புக்கு மதம் கிடையாது. பூஜை முடிந்ததும் ஆளுக்கு ஒரு பை கொடுப்பார்கள். பொரி, கடலை, இனிப்பு, அதோடு ஒரு அன்பளிப்பு. அந்த அன்பளிப்பு என்ன என்று முடிவு செய்ய எங்களில் சிலரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதில் நானும் ஒருவன். டிபன் பாக்ஸ், ஹாட் பாக்ஸ், குடம் என்று வருஷா வருஷம் வாங்கி, எல்லோர் வீட்டுப் பரணும் எவர்சில்வரால் நிறைந்திருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு நான் ஒரு பிளாஸ்கில் காபி கொண்டுபோயிருந்தேன். விற்பதற்காக இல்லை, சத்தியமாக. மகளைப் பற்றிப் பேச ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவள் பெயர் ஒரு தடவை காற்றில் வந்தால் எனக்குப் போதும். மேனேஜர் ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். மரம், நிழல், ஓடை, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜருக்கும் அந்த வருஷம் சுற்றுச்சூழலுக்காகக் கம்பெனி ஏதாவது செய்தது என்று மேலே காட்டவேண்டியிருந்தது போலும். எங்கள் புகைபோக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு மலைக் காற்றைப் பற்றி நிறையப் பேசினார். கடைசியில், "இதையே எல்லோருக்கும் கொடுத்தா என்ன?" என்றார். மற்றவர்களும் எவர்சில்வரில் இருந்து தப்பித்தால் போதும் என்று தலையாட்டினார்கள்.

வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். வீட்டில் சொன்னபோது மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"வித்துட்டா அவ வரமாட்டாளே."

"இது ஒரு தபா குடுக்கறதுதானடி. இதுலயே அல்லாம் மாறிடுமா?" என்று சமாளித்தேன்.

பூஜையன்று எல்லோரும் பையை வாங்கிக்கொண்டு போனார்கள். லீவு முடிந்து மில் திறந்த அன்று நான் ஏணியில் கால் வைப்பதற்குள் ஃபர்னேஸ் ஆள் ஒருவன் ஓடிவந்தான்.

"ணா, இன்னாணா அது? பால்ல போட்டா மண்ணு மாரி அடில நிக்குது. எங்கம்மா இன்னும் துப்பிக்கினே கீது."

அவன் பின்னாலேயே இன்னொருவன். "தானமா குடுத்த மாட்ட பல்லப் புடிச்சிப் பாக்கக்கூடாதுன்னுவாங்க. ஆனா இந்த மாடு நம்ம பல்லுலயே மாட்டிக்குதுணா."

கொட்டகையே சிரித்தது. எல்லோர் வீட்டிலும் எங்கள் வீட்டில் நடந்ததுதான் நடந்திருக்கிறது. காபித் தூள் என்றால் இவர்களுக்குப் பாலில் போட்டால் கரைகிற தூள். பொட்டலத்துக்குப் பின்னால் போடும் முறை எழுதித்தான் இருந்தது, தெலுங்கிலும் ஆங்கிலத்திலும். பண்டிகை நாளில் யார் பொட்டலத்தின் முதுகைப் படிக்கிறார்கள்? ஒருவன் மாமியார் வீட்டு விருந்தில் போட்டுக் கொடுத்து மானம் போய்விட்டதாக என்னோடு சண்டைக்கே வந்தான். இன்னொருவன் தன் வீட்டு ரோஜாச் செடிக்குப் போட்டுவிட்டதாகவும் செடி நன்றாக வருவதாகவும் சொன்னான்.

மேலே கேபினில் போய் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி இந்த ஊரில் அந்தத் தூளை யாரும் தொடமாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு அவள் பெட்டியோடு வந்து இறங்குவாள். வெள்ளைக் கோட்டு ஆணியிலேயே தொங்குகிறது, துவைத்துப் போட்டால் போதும். சாயங்காலம் எதிரில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவாள். கம்பிக் கட்டுகளைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தேன், ஆனால் கண்ணில் நின்றது அந்தச் சாலைதான்.

மத்தியானம் டீக்கு வெளியே வந்தேன். கேட்டுக்கு எதிரில் டீக்கடை. கடையை ஒட்டி எஸ்டேட்டின் கால்வாய் ஓடுகிறது. என்ன நிறம் என்று சொல்லமுடியாத தண்ணீர். அதில் ஒரு காபிப் பொட்டலம் மிதந்துகொண்டிருந்தது. யாரோ பிரிக்காமலேயே வீசியிருக்கிறார்கள். பொட்டலத்தின்மேல் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று வரைந்த படம் அச்சிட்டிருக்கும்: மலை, மரம், சடை போட்ட ஒரு டீச்சர். என் மகள் போனில் சொல்லியிருந்தாள், "அந்த டீச்சரு நான்தான் நைனா. மூக்குதான் பெருசா போட்டுட்டாங்க" என்று. அந்த டீச்சர் அந்தத் தண்ணீரில் முகம் குப்புறக் கவிழ்ந்து போய்க்கொண்டிருந்தாள்.

எந்தத் தண்ணீருக்குப் பயந்து ஓடினாளோ அதிலேயே. எனக்குள் மேல் வீட்டு மணி அடித்தது. செருப்பைக் கழற்றாமல் கால்வாயில் இறங்கிப் பொட்டலத்தை எடுத்தேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"மாஸ்டர், ஒரு பெரிய பாத்திரத்துல தண்ணிய கொதிக்கவையி. டீ வடிகட்டாத புதுத் துணி கீதா? எட்ரா."

"இன்னாணா பேஜாரு பண்ற, இது பீக் டைமு" என்றார் டீ மாஸ்டர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைக் காலி செய்து கொடுத்தார்.

லாக்கரில் இருந்த என்னுடைய பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தேன். கொதிக்கிற தண்ணீரில் தூளைப் போட்டு மூடினேன். காத்திருக்கும் நேரத்தில் வாய் சும்மா இருக்குமா? நின்றவர்களைப் பார்த்துக் கத்தினேன். "பால்ல போட்டு கலக்கிக் குடிக்க இது இன்னா பேதி மருந்தாடா? ஒரு மரத்த வெட்டாம, ஒரு சொட்டு மருந்து அடிக்காம வளத்தது. இதுல வர்ற டப்புல ஒரு பங்கு அங்க கீற பசங்க படிப்புக்குப் போவுது. நம்ம ஊரு தண்ணி நாறிப் போச்சு. நாறாத ஊரு ஒண்ணு கீது, அத்த காப்பாத்த என் பொண்ணு போய்க் கெடக்குறா. நீங்க கால்வாயில வுடுறீங்க!"

அப்புறம் மாஸ்டர் துணியில் வடிகட்டி, பாலில் ஊற்றி, சர்க்கரை போட்டு, ஆற்றிக் கொடுத்தார். முதல் டம்ளர் அந்த ஃபர்னேஸ் ஆளுக்கு. ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். "ணா, இது பெரிய வூட்டுக் காபிணா" என்றான்.

அன்று அந்தப் பாத்திரம் காலியாகும்வரை கொடுத்தோம். மறுநாள் வீட்டில் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருந்தவர்கள் எல்லாம் பொட்டலத்தை டீக்கடைக்கே கொண்டுவந்து மாஸ்டரிடம் கொடுத்துப் போட்டுக் குடித்தார்கள். பிறகு வீட்டுப் பெண்கள் போடும் முறையைக் கேட்டுவரச் சொன்னார்கள். துணியைத் தேடி, பழைய வேட்டியைக் கிழித்து, ஆளுக்கு ஒரு வடிகட்டி. மாஸ்டர் சாயங்காலத்தில் காபியும் உண்டு என்று அட்டை எழுதி மாட்டினார். பக்கத்துக் கம்பெனியின் ஆட்கள் குடித்துவிட்டு, எங்கே கிடைக்கும் என்று என்னைத் தேடி வந்தார்கள். எங்கள் கோயிலில் ஆராதனை முடிந்ததும் பெண்கள் என் மனைவியைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் மேனேஜர் மற்ற கம்பெனி மேனேஜர்களுக்குச் சொல்ல, புது வருஷ அன்பளிப்புக்கு அவர்களும் கேட்டார்கள். ஆர்டர்கள் எல்லாம் என் போனுக்குத்தான் வந்தன. நான்தான் மகளுக்குச் சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவள் குரல் ஏறியது. ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சு இறங்கியது.

அந்த நாட்களில் ஒருநாள் ஒடிசாக்காரப் பையன் ஒருவன் ஏணிக்குக் கீழே எனக்காக நின்றான். கம்பி கட்டும் பிரிவில் வேலை. கையில் அன்பளிப்புப் பொட்டலம், பிரிக்காதது. படத்தில் இருந்த மலையைக் காட்டி, "இது பின்னாடி... எங்க ஊர்" என்றான். மலையின் அந்தப் பக்கமாம்.

"குடிக்கலயா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டிவிட்டுப் பொட்டலத்தை மூக்கில் வைத்துக் காட்டினான். முகர்வதற்காக வைத்திருக்கிறானாம். ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்றான். அவனுக்கும் அப்பன் ஒருவன் அங்கே இருப்பான். என்னைப்போல் அவனும் ஏதாவது ஒரு பழைய சாமானைத் துடைத்துக்கொண்டிருப்பான். பையன் தோளில் தட்டிவிட்டு ஏணியில் ஏறினேன். ஏறும்போது கண் மறைத்தது.

டிசம்பர் தொடக்கத்தில் அவள் போன் வந்தது. கூடத்தை மூடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு டீச்சர் வைக்கப்போகிறார்கள். "அல்லாம் உன்னாலதான் நைனா" என்று அழுதாள். "நல்லா இரும்மா" என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தாள். கறுத்துப் போயிருந்தாள், கன்னத்தில் சதை போட்டிருந்தாள். வந்ததும் போர் மோட்டாரைப் போட்டு உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டாள். நான்கு நாளும் வீடு வீடாக இருந்தது. அம்மாவும் மகளும் சமையலறையில் தெலுங்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் புரியாததுபோல் பேப்பர் படித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். நட்சத்திரம் கட்டியது அவள், கேக் வெட்டியது அவள், காலைக் காபி போட்டதும் அவள்தான். அந்தக் காபிக்கு இன்றுவரை ஈடு இல்லை. அதே தூள்தான், அதே துணிதான்.

கிளம்புவதற்கு முதல் நாள் அவள் ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணினாள். ஒரே உதை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் வண்டியை அணைத்துவிட்டு, சீட்டைத் தடவிக்கொண்டே, "நல்லா வச்சிக்கீற. வித்துடு நைனா, சும்மா நிக்கிது" என்றாள்.

மகளின் வாயில் இருந்து வந்த சொற்களில் எனக்கு அதிகம் வலித்தது அதுதான். கோபம் வரவேண்டும், மணி அடிக்கவேண்டும். வரவில்லை. "பாக்கலாம்" என்றேன்.

அவள் போகும் எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலில் புறப்பட்டு, எங்கள் கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் வடக்கே போகும். ஆனால் இங்கே நிற்காது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது பழகிய அவமானம்: வடக்கே போக முதலில் தெற்கே போகவேண்டும். நெல்லூருக்குப் போய் ஏறலாம்தான், ஆனால் அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய், முறுக்கு மூட்டையோடு அங்கே அவசரத்தில் ஏறமுடியாது. சென்ட்ரல்வரை நானும் வருகிறேன் என்றதற்கு, "வாணாம் நைனா. அங்க வந்து நீ அழுவ. நம்ம ஸ்டேஷன தாண்டும்போது கதவாண்ட நிக்கிறேன்" என்றாள். காலை லோக்கலில் அவளை ஏற்றிவிட்டோம்.

அதற்குப் பிறகு வீட்டுக்குப் போக எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்தோம். லோக்கல் வண்டிகள் வந்தன, போயின. மனைவி பையில் இருந்து பிளாஸ்கை எடுத்தாள். காலையில் மகள் போட்ட காபி. மூடியில் ஊற்றி எனக்குக் கொடுத்தாள், பிறகு அதே மூடியில் அவள் குடித்தாள்.

எக்ஸ்பிரஸ் வருவதாக அறிவித்தார்கள். பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவன் நான். கீழே நின்று பார்க்க எனக்குத் தெரியவில்லை. வண்டி இடித்துத் தள்ளுவதுபோல் வந்தது. பொதுப் பெட்டியின் வாசல் நிறைய ஊருக்குப் போகிற வடக்கத்திப் பையன்கள். அடுத்த பெட்டி, அடுத்த பெட்டி. எல்லாக் கதவிலும் யாரோ நிற்கிறார்கள், எல்லாக் கையும் ஆடுகிறது. எல்லாவற்றுக்கும் கையாட்டினேன். ஏதோ ஒரு கதவில் நீலத் துப்பட்டா ஒன்று தெரிந்தது, "நைனா" என்று கேட்டதுபோலவும் இருந்தது. அதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

"பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்" என்றாள். அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். எதைப் பார்த்திருக்கமுடியும்?

ஸ்கூட்டியில் வீட்டுக்குக் கிளம்பினோம். எஸ்டேட் சாலையில் வரும்போது என் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில், "இந்தாய்யா, அடுத்த ஆயுத பூஜைக்கு ஆளுக்கு ரெண்டு பாக்கெட்டா போடச் சொல்லு" என்றாள்.

"சொல்றேன்" என்றேன்.

எதிரில் யாரும் வரவில்லை. ஆனாலும் ஹாரனை ஒருமுறை அடித்தேன்.